ஓபன் ரானுக்குத் தமிழ்ச்சொல்: எது திறந்திருக்கிறது?

வணக்கம் நண்பர்களே,

செல்பேசியை வானலை வழியே வலையோடு இணைக்கும் பகுதி ரான் (RAN). அதில் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளைச் சேர்த்து இயக்க வழி செய்வது ஓபன் ரான். இதற்கு 'திறந்த வானலை அணுக்க வலையமைப்பு' என்பது சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் புதிதாகப் படிப்பவர் இதைத் திறமூல மென்பொருள் என்றோ, யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்கிற வலை என்றோ எடுத்துக்கொள்வார். இரண்டுமே இல்லை. இதில் யாரும் தம் நிரலைத் திறந்து காட்ட வேண்டிய கட்டாயம் கிடையாது. திறந்திருப்பது பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைமுகம், அதாவது இரண்டும் பேசிக்கொள்ளும் முறை.

எங்கே பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆன்டெனாவை ஒட்டி ஆர்.யூ. (Radio Unit, வானலை அலகு), அதற்குப் பின்னால் டி.யூ. (Distributed Unit, பரவல் அலகு), அதற்கும் பின்னால் சி.யூ. (Central Unit, மைய அலகு). முதல் இரண்டுக்கும் இடையே முன்பு பெரும்பாலும் ஓடியது சிப்ரி (CPRI) என்ற இணைப்பு முறை. அதற்குப் பொதுவான விவரக்குறிப்பு இருந்தும் ஒவ்வொரு நிறுவனமும் நுணுக்கங்களைத் தன் போக்கில் நிரப்பிக்கொண்டது, அதனால் ஒருவருடைய ரேடியோவை இன்னொருவருடைய பேஸ்பேண்டோடு (ரேடியோவுக்குப் பின்னால் சமிக்ஞையைக் கையாளும் பெட்டி) மாட்டிப் பார்க்கவே வழியில்லை, இரண்டையும் ஒரே இடத்தில்தான் வாங்க வேண்டியிருந்தது. 2018-இல் தொடங்கிய ஓ-ரான் கூட்டமைப்பு 7.2எக்ஸ் என்ற பிரிப்பு முறையைக் கொண்டு திறந்தது இந்த இடத்தைத்தான்: தரவை வானலைச் சமிக்ஞையாக்கும் பௌதிக அடுக்கின் கீழ்ப்பகுதி ஆர்.யூ.வில், மேல்பகுதி டி.யூ.வில். டி.யூ.வுக்கும் சி.யூ.வுக்கும் நடுவிலுள்ள எஃப்1 இடைமுகத்தைச் செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு வரையறுத்துவிட்டது.

அதனால் என் பரிந்துரை 'திறந்த இடைமுக வானலை அணுகுவலை'. நீளம்தான். கட்டுரையில் முதல் முறை முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'அணுகுவலை' என்றால் போதும். 'அணுக்கம்' என்றால் நெருக்கம் என்ற பொருளே முன்னால் வந்து நிற்கிறது, அதனால்தான் 'அணுகு'.

பல நிறுவனங்களின் கருவிகள் கலந்ததைச் சொல்லும் மல்டி-வெண்டாருக்கு 'பல்வழங்குநர்' வேண்டவே வேண்டாம். செல்பேசிச் சேவை தருபவரை ஏற்கெனவே சேவை வழங்குநர் என்கிறோம். கருவி செய்பவரும் வழங்குநர் என்றால் ஒரே பத்தியில் இருவரும் குழம்பிப்போவார்கள். 'பல்லாக்குநர்' பார்த்ததும் பல்லக்கை நினைவூட்டுகிறது. பன்னாட்டு என்று சொல்லிப் பழகிய நாக்குக்குப் 'பன்னிறுவன' எளிதாக வரும்.

ஆர்.யூ.வையும் டி.யூ.வையும் இணைக்கும் ஃப்ரண்ட்ஹாலுக்கு 'முன்னிணைப்பு' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வரிசையில் பேக்ஹால் 'பின்னிணைப்பு' ஆகிவிடும், அது நூலின் கடைசியில் வருவது. முன்தடம், இடைத்தடம், பின்தடம் என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து நிற்கும், ஆர்.யூ.விலிருந்து டி.யூ. வரை, அங்கிருந்து சி.யூ. வரை, அங்கிருந்து கருவலை (கோர் நெட்வொர்க்) வரை என்று வரிசையும் தெளிவாகிவிடும்.

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "இந்தப் பன்னிறுவன அணுகுவலையில் ஒருவருடைய வானலை அலகு, வேறொருவருடைய பரவல் அலகோடு திறந்த முன்தடம் வழியே பேசுகிறது." படிக்கத் தடங்கல் இல்லை. 'பரவல் அலகு' மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, டி.யூ. செய்யும் வேலை அதில் தெரியவே இல்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.