கல்வாழைத் தொட்டி கட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் தெருவில் 20 வீடுகள். பாத்திரம் கழுவுகிற, குளிக்கிற தண்ணீரெல்லாம் ஓடையில்தான் விழுகிறது. மழை பெய்தால் சேர்வராயன் மலைத் தண்ணீரோடு கலந்து மூக்கனேரிக்குப் போய்விடும். போன வாரம் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குச் சோப்பு நுரை, நடுவில் ஒரு கொக்கு. எதைத் தேடியதோ, பாவம்.

சரி, ஜல்லி போட்டுக் கல்வாழை நட்டு வடிகட்டலாம் என்று நினைக்கிறோம். கழிப்பறைத் தண்ணீர் இதில் சேராது. எண்ணெய்ப் பிசுக்கை முதலிலேயே தனித் தொட்டியில் பிடிக்காவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும், அது தெரியும். எவ்வளவு ஆழம் வைத்தீர்கள்? கொசு வந்ததா? அப்புறம், பி.ஓ.டி. சோதனைக்கு (தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது) தண்ணீரை 27 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டுமே, சேலத்தில் அதை எங்கே செய்து தருகிறார்கள்?