வேலையை விட்ட அன்று அழுகை ஏன் வந்தது?

மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் ஆறு வருடம் விலைச்சீட்டு குத்தினேன். முந்தி மடிப்பில் துப்பாக்கி மாதிரியான அந்தக் கருவியை வைத்து அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், சீட்டு தொங்கும். அடுத்த சேலை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒரு நாளைக்கு ஆயிரத்தைத் தாண்டும். 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்களுக்கும் ஸ்டூல் போட்டார்கள். உட்காரத்தான் விடவில்லை.

அந்த அலுப்பில்தான் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். 200 கேள்விகளில் 100 தமிழ் என்பது எனக்குத் தெம்பு. 2022 ஜூலை 24 தேர்வு எழுதி, முடிவைப் பார்க்க மறு வருடம் மார்ச் ஆகிவிட்டது. கலந்தாய்வில் கிராம நிர்வாக அலுவலர் பணி கிடைத்தது.

கடைசி நாளில் துள்ளிக் குதித்து வெளியே வருவேன் என்றுதான் நினைத்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கருவியைக் கொடுத்து, "பட்டுச் சேலை என்றால் ஓரத்துத் தையலில் குத்து, நடுவில் குத்தினால் இழை இழுத்துவிடும்" என்றேன். "சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான். ஆறு வருடத்தில் நான் கற்ற வித்தை முழுவதும் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. மாடிப்படியில் நின்று அழுதேன். அழுகை அதற்கா, அந்தப் பெண்களைப் பிரிவதற்கா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஊருக்குப் போன இரண்டாம் மாதம் ஒரு பாட்டி வாரிசுச் சான்றுக்கு வந்தார். எத்தனை வாரிசுகள் என்று கேட்டேன். "மூன்று பேர், தாயி" என்றார். பக்கத்தில் நின்ற தலையாரி இருமினார். அவருக்கு என் அப்பா வயது, காரணமில்லாமல் இருமமாட்டார். பாட்டி போன பிறகு சொன்னார்: இறந்துபோனவருக்கு மூத்த தாரத்தில் ஒரு மகள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள்.

அன்றிரவு தூக்கம் இல்லை. கடையில் தப்பாகக் குத்தினால் பிய்த்துவிட்டு வேறு சீட்டு குத்தலாம். இங்கே என் அறிக்கையை வைத்துத்தான் வருவாய் ஆய்வாளர் பார்ப்பார், வட்டாட்சியர் சான்று தருவார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தப் பெண் தன் பங்குக்கு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான். ஸ்டூல் நினைவுக்கு வந்தது. என் கையெழுத்தை யாருமே கேட்காத அந்த வேலை எவ்வளவு நிம்மதி! வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

தெருவில் நாலு பேரிடம் விசாரித்து நான்கு பெயர் எழுதினேன். பாட்டி இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

*

அக்கா, நான் சுங்கச்சாவடியில் இருந்தவன். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு சில்லறை எண்ணும் வேலையும் குறைந்துபோய், தடுப்புக் கட்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் பிழைப்பு. ஐடிஐ படித்திருந்ததால் ரயில்வேக்கு எழுதி உதவி லோகோ பைலட் ஆனேன், ரயில் ஓட்டுநருக்குத் துணை. சாவடியில் எட்டு மணி நேரம் வாயைத் திறக்கத் தேவையில்லை. இங்கே எதிரில் வரும் ஒவ்வொரு சிக்னலையும் இரண்டு பேரும் உரக்கச் சொல்லியாக வேண்டும். முதல் இரவு எனக்குக் குரலே எழும்பவில்லை. "தம்பி, உன் மனதுக்குள் சொன்னால் எனக்கு எப்படிக் கேட்கும்?" என்றார் ரயிலை ஓட்டிய பெரியவர். இப்போது வீட்டில் தூக்கத்திலும் கத்துகிறேனாம்.

வேலை பிடித்திருக்கிறது. ஆனால் சாவடியில் இருந்தபோது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவேன் என்று மகளிடம் சொல்ல முடிந்தது. இப்போது நள்ளிரவு 2 மணிக்கும் அழைப்பு வருகிறது. அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

*

நீங்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நான் இன்னும் வாசலில் நிற்கிறேன். நகை அடகுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வட்டி கூட்டிக் கூட்டி விரல்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. இளநிலை உதவியாளர் பணி ஆணை வந்து ஒன்பது நாள் ஆகிறது. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வட்டிக்குக் கொடுப்பவர், அம்மாவின் ஆபரேஷனுக்கு எனக்கு மட்டும் வட்டியில்லாமல் கொடுத்தார். அதில் 11,000 ரூபாய் பாக்கி இருக்கிறது. முதல் சம்பளத்தில் அடைத்துவிடலாம். பணம் ஒரு பெரிய விஷயமில்லை. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்பதுதான்.

இன்று கடையைப் பூட்டும்போது சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். சாவியை என் கையில் கொடுத்து, "நாளை வெள்ளிக்கிழமை, நீயே வந்து திறந்துவிடு" என்றார்.

"சரி முதலாளி" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.