ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்ட அதே வாரத்தில் எச்பிஎஸ்ஏஜி சோதனை பாசிட்டிவ்: தடுப்பூசிக்குள் உண்மையில் இருப்பது என்ன?

கேள்வி: செவிலியர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். மருத்துவமனைப் பயிற்சி தொடங்கும் முன் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணையைப் போட்டார்கள். அதே வாரத்தில் உடற்தகுதிச் சான்றுக்காக ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் இன்னொரு மாணவிக்கும், ஹெபடைடிஸ் பி தொற்றைக் கண்டறியும் எச்பிஎஸ்ஏஜி சோதனை ‘ரியாக்டிவ்’, அதாவது பாசிட்டிவ், என்று அறிக்கை வந்திருக்கிறது. தடுப்பூசிக்கு முன் எங்களில் யாருக்கும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஊசி வழியாகத்தான் நோய் வந்துவிட்டது என்று அம்மா கலங்கிப் போயிருக்கிறார்.

பாடநூலில் இந்தத் தடுப்பூசி ஈஸ்ட்டில் தயாராகிறது என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு மேல் விளக்கம் இல்லை. அதில் உயிருள்ள வைரஸ் இல்லையென்றால், வைரஸ் இருப்பதைக் காட்டும் சோதனை எப்படிப் பாசிட்டிவ் ஆகிறது? எனக்கு உண்மையிலேயே தொற்று இருக்கிறதா, இது ஊசியின் விளைவா என்பதை எந்தச் சோதனை பிரித்துக் காட்டும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

பதில் 1: நுண்ணுயிரியல் ஆசிரியர்

அந்த ஊசியால் ஹெபடைடிஸ் பி தொற்று வருவதற்கு வழியே இல்லை என்பதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். காரணம் வைரஸின் அமைப்பிலேயே இருக்கிறது.

முழுமையான ஹெபடைடிஸ் பி வைரஸ் 42 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டை. லண்டனில் டேன் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அதைக் கண்டு வெளியிட்டதால் இன்றும் அதை டேன் துகள் என்றே அழைக்கிறோம். வெளியே கொழுப்பும் மேற்பரப்புப் புரதமும் சேர்ந்த உறை இருக்கிறது. அதற்குள் கோர் புரதத்தாலான கூடு. அந்தக் கூட்டுக்குள் சுமார் 3,200 எழுத்துகள் மட்டுமே கொண்ட வட்டமான டி.என்.ஏ.வும் அதைப் படியெடுக்கும் நொதியும் இருக்கின்றன. தொற்றை உண்டாக்கும் தகுதி இந்த மூன்றும் சேர்ந்த முழுத் துகளுக்கு மட்டுமே உண்டு.

ஆனால் நோயாளியின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் முழுத் துகள்கள் சிறுபான்மைதான். 22 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டைகளும் அதே தடிமனுள்ள இழைகளுமே கண்ணை நிறைக்கும். அவை வெறும் உறைகள். உள்ளே கூடும் இல்லை, டி.என்.ஏ.வும் இல்லை. ஒரு முழு வைரஸுக்கு ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை இத்தகைய வெற்று உறைகள் ரத்தத்தில் மிதக்கும். நம் உடல் உருவாக்கும் ஆன்டிபாடிகளை, அதாவது நோய் எதிர்ப்புப் புரதங்களை, இவை தம் பக்கம் இழுத்துக்கொள்வதால் முழு வைரஸ் தப்பித்துக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வைரஸைக் கண்டறிந்த கதையே இந்த வெற்று உறையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பரூக் பிளம்பெர்க், பலமுறை ரத்தம் ஏற்றப்பட்ட ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் சீரத்தோடு வினைபுரிந்து அகார் கூழில் ஒரு மெல்லிய கோட்டை உண்டாக்கியதைக் கண்டார். 1965-இல் அதை ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று வெளியிட்டார். அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்புப் புரதம் என்பது பிறகே தெளிவாயிற்று. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அறிக்கையில் உள்ள எச்பிஎஸ்ஏஜி என்பது அதே பொருள்தான். ஆகவே அந்தச் சோதனை தேடுவது உறைப் புரதத்தை. தடுப்பூசியில் இருப்பதும் அதே உறைப் புரதம்.

கோர் கூட்டைப் பற்றியும் ஒன்று சொல்லாமல் விட மனம் வரவில்லை. கோர் புரதத்தை மட்டும் பாக்டீரியாவில் உற்பத்தி செய்தாலும் அது தானாகவே கூடாக அடுக்கிக்கொள்கிறது. சில கூடுகளில் 180 புரதங்கள், சிலவற்றில் 240. 1997-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இக்கூடுகளை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் படம் பிடித்து, படிகமாக்காமலேயே அந்தப் புரதத்தின் மடிப்பைக் கண்டறிந்தார்கள். அந்நுட்பம் இன்று எட்டியிருக்கும் உயரத்துக்கு இட்ட தொடக்கப் படிகளில் அதுவும் ஒன்று.

பதில் 2: ரத்த வங்கி லேப் டெக்னீஷியன்

மேலே ஆசிரியர் சொன்னதன் தொடர்ச்சியாக ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கான ஒரு மில்லி ஊசியில் வழக்கமாக 20 மைக்ரோகிராம் மேற்பரப்புப் புரதம் இருக்கும். நம் உடலில் பிளாஸ்மா ஏறக்குறைய மூன்று லிட்டர். அத்தனை புரதமும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கலந்துவிட்டதாக வைத்துக்கொண்டால் ஒரு மில்லிக்கு ஆறு, ஏழு நானோகிராம் தேறும். இக்காலத்து எலைசாவும் கெமிலூமினசன்ஸ் கருவிகளும் ஒரு நானோகிராமுக்கும் குறைவான அளவையே பிடித்துவிடும். நடைமுறையில் தடுப்பூசியிலுள்ள அலுமினியச் சேர்மம் புரதத்தைத் தசையில் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகவே விடுவதால் ரத்தத்தில் சேரும் அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். அதனால்தான் எல்லோருக்கும் பாசிட்டிவ் வருவதில்லை, சிலருக்கு மட்டும் வருகிறது. தடுப்பூசி போட்ட பின் 18 நாட்கள் வரையிலும்கூட இப்படித் தற்காலிகமாக வந்தது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

எனினும் அறிக்கையை ‘ஊசியின் விளைவு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். முன்பு சோதனை செய்யாததால், பிறப்பிலேயே தாயிடமிருந்து தொற்றியிருக்கும் வாய்ப்பையும் நிராகரிக்க முடியாது. நாட்பட்ட தொற்றுள்ளவர்கள் பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. நீங்கள் கேட்ட பிரித்தறியும் சோதனை, கோர் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் ‘ஆன்டி எச்பிசி டோட்டல்’. தடுப்பூசியில் கோர் புரதம் அறவே கிடையாது. ஆகவே தடுப்பூசி மட்டும் பெற்றவரின் உடலில் அதற்கு எதிரான ஆன்டிபாடி உருவாகக் காரணமே இல்லை. உண்மையான வைரஸைச் சந்தித்தவரின் ரத்தத்தில் அது உருவாகிப் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும்.

ஒரு மாதம் கழித்து, அதாவது இரண்டாம் தவணைக்குச் சற்று முன், எச்பிஎஸ்ஏஜி சோதனையையும் ஆன்டி எச்பிசி சோதனையையும் சேர்த்துச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் கவலையில்லை. எச்பிஎஸ்ஏஜி அப்போதும் பாசிட்டிவாக இருந்தால் வைரஸின் டி.என்.ஏ. அளவைப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு மருத்துவர் அனுப்புவார். அடுத்த தவணையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். ஏற்கெனவே தொற்று உள்ளவருக்கு அந்த ஊசி போட்டாலும் தீங்கு இல்லை.

இனி சேரும் மாணவிகளுக்கு ரத்தம் எடுத்த பிறகு ஊசி போடுவது என்று முறையை மாற்றும்படி உங்கள் துறையில் எழுதிக் கொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில்கூடச் செய்துவிடலாம். முன்பின் வரிசைதான் முக்கியம்.

பதில் 3: தடுப்பூசித் தயாரிப்புத் துறையில் இருப்பவர்

இந்தத் தடுப்பூசியின் முதல் வடிவம் மனித ரத்தத்திலிருந்தே எடுக்கப்பட்டது என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். நாட்பட்ட தொற்றுள்ளவர்களின் பிளாஸ்மாவில்தான் வெற்று உறைகள் ஏராளமாக இருக்கின்றனவே. அவற்றைப் பிரித்தெடுத்து, கூடவே வரும் முழு வைரஸைப் பெப்சின், யூரியா, ஃபார்மலின் ஆகியவற்றால் அடுத்தடுத்து அழித்து மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மனின் குழு ஒரு தடுப்பூசியை உருவாக்கியது. 1981-இல் அமெரிக்காவில் அதற்கு உரிமம் கிடைத்தது. தடுப்பூசி பாதுகாப்பானதாகவே இருந்தது. ஆனால் எய்ட்ஸ் பரவத் தொடங்கிய காலம் அது. ரத்தத்திலிருந்து வரும் எதையும் மக்கள் அஞ்சினார்கள். தொற்றுள்ளவர்களின் பிளாஸ்மாவை நம்பி உலகத்துக்கே தடுப்பூசி போடவும் முடியாது.

மாற்று வழியை 1982-இல் வாலன்சுவேலா, ரட்டர், ஹால் ஆகியோர் அடங்கிய குழு காட்டியது. 226 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மேற்பரப்புப் புரதத்துக்கான மரபணுவை மட்டும், ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்குள் செலுத்தினார்கள். ஈஸ்ட் தயாரித்த புரதம் ரத்தத்தில் காண்பது போன்ற 22 நானோமீட்டர் உருண்டைகளாகவே ஒன்றுசேர்ந்தது. அவ்வாறு சேராவிட்டால் இந்தத் தடுப்பூசியே இல்லை. தனித்தனிப் புரதமாக ஊசியில் செலுத்தினால் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஒரே வடிவம் நெருக்கமாகத் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட துகளைக் கண்டால்தான் ஆன்டிபாடிகளை உருவாக்கும் பி செல்கள் வலுவாகத் தூண்டப்படும். 1986-இல் உரிமம் பெற்ற இதுவே மனிதர்களுக்கான முதல் மறுசேர்க்கைத் தடுப்பூசி, அதாவது ஓர் உயிரியின் மரபணுவை வேறோர் உயிரிக்குள் செலுத்தித் தயாரித்த தடுப்பூசி. இந்தியாவில் 1997-இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் இதைத் தயாரித்து வெளியிட்ட பின்னர் விலை வெகுவாக இறங்கியது. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இந்த உருண்டைகள்தான் ஒரு பகுதி.

தொழிற்சாலையில் ஒரு சிக்கல் உண்டு. ஈஸ்ட் இந்த உருண்டைகளை வெளியே விடுவதில்லை. உயர் அழுத்தத்தில் செல்களை உடைக்க வேண்டும்; உடைத்தால் ஈஸ்ட்டின் ஆயிரக்கணக்கான புரதங்களும் டி.என்.ஏ.வும் கொழுப்பும் ஒரே கலங்கலாக வந்து நிற்கும். அதிலிருந்து உருண்டைகளைச் சிதையாமல் பிரிப்பதில்தான் உழைப்பின் பெரும்பகுதி போகிறது. பிரித்த துகள்களை அலுமினியச் சேர்மத்தில் ஒட்டவைத்துக் குப்பியில் அடைக்கிறோம். இது உறைந்துவிட்டால் அலுமினியம் கட்டிதட்டித் தடுப்பூசி வீணாகிவிடும். குப்பியைக் குலுக்கி வைத்ததும் வெண்மை சீராகக் கலங்கி நிற்காமல் செதில் செதிலாக வேகமாக அடியில் படிந்தால், உறைந்ததென்று அறிந்து ஒதுக்கிவிடுங்கள். வார்டில் இதை நீங்களே செய்ய வேண்டி வரும்.

இந்த உருண்டை இப்போது வேறொரு நோய்க்கும் பயன்படுகிறது. மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரதத்தில் ஒரு பகுதியை ஹெபடைடிஸ் பி உறைப் புரதத்தோடு மரபணு நிலையிலேயே இணைத்து ஈஸ்ட்டில் வளர்த்தால், மலேரியாப் பகுதியை வெளியே காட்டிக்கொண்டு உருண்டைகள் உருவாகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் பரிந்துரைத்த ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசியும், ஆக்ஸ்ஃபோர்டில் வடிவமைக்கப்பட்டு இப்போது புனேயில் தயாராகும் ஆர்21 தடுப்பூசியும் இவ்வகையே. இயற்கையிலும் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு: சொந்தமாக உறை இல்லாத ஹெபடைடிஸ் டி வைரஸ், பி வைரஸின் உறையைப் போர்த்திக்கொண்டுதான் பரவுகிறது. அதனால் உங்களுக்குப் போட்ட ஊசி அதையும் தடுக்கும்.

செவிலியர் மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். மருத்துவரையும் பார்க்க இருக்கிறோம். இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. 1986 முதல் ஏறத்தாழ அதே புரதத்தைத்தான் தடுப்பூசியாகப் போடுகிறோம். இன்ஃபுளுவென்சாவைப் போல இந்த வைரஸ் மாறிவிடாதா?

பதில் 4: நுண்ணுயிரியல் ஆசிரியர்

மாற முயல்கிறது, ஆனால் அதன் டி.என்.ஏ. மிகச் சிக்கனமானது. உறைப் புரதத்துக்கான மரபணு முழுவதும், படியெடுக்கும் நொதிக்கான மரபணுவின் மேலேயே வேறொரு வாசிப்புச் சட்டகத்தில் அமைந்திருக்கிறது; அதாவது அதே எழுத்துகளை வேறோர் இடத்திலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்துப் படித்தால் உறைப் புரதம் கிடைக்கும். உறையை மாற்றும் எழுத்துப் பிழை பல வேளைகளில் நொதியையும் மாற்றிவிடும் என்பதால் வைரஸுக்கு இங்கே சுதந்திரம் குறைவு.

இருந்தாலும் 1990-இல் இத்தாலியில், தொற்றுள்ள தாய்க்குப் பிறந்து முறையாகத் தடுப்பூசி பெற்ற ஒரு குழந்தையிடம், 145-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினின் அமர்ந்த வைரஸைக் கண்டார்கள். ஆன்டிபாடிகள் பற்றிக்கொள்ளும் வளைவின் நடுவே அந்த இடம் இருக்கிறது. இத்தகைய வகைகள் தடுப்பூசியை மீறி மக்களிடையே பரவலாகப் பெருகவில்லை. என்றாலும், அந்த ஒரே வளைவை மட்டும் நம்பிய பழைய எச்பிஎஸ்ஏஜி சோதனைகள் சில இவற்றைத் தவறவிட்டன. அதனால்தான் புதிய சோதனைகளில் புரதத்தின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றும் ஆன்டிபாடிகளைக் கலந்து வைக்கிறார்கள். ரத்த வங்கிகள் பலவற்றில் எச்பிஎஸ்ஏஜியோடு டி.என்.ஏ.வைத் தேடும் சோதனையையும் சேர்த்துச் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.