சிவராத்திரிக்கு மறுநாள் பாடசாலை மூட வேண்டுமா?

நேரக்காவலன்
சிவராத்திரிக்கு மறுநாளும் கொழும்புப் பாடசாலைகளுக்கு லீவு வேண்டும் என்று ஒரு மகஜர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கையெழுத்துப் போடச் சொல்லி எனக்கும் வந்தது. போடமாட்டேன். இந்த 2026இல் பௌர்ணமிப் போயா விடுமுறை மட்டும் 13. அதோடு பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டு, பெருநாட்கள், நத்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பாடசாலைகள் மூடிக் கிடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? சிவராத்திரிக்கு அரசாங்கம் ஏற்கனவே ஒரு நாள் தந்திருக்கிறது. இன்னும் ஒன்று கேட்பது பேராசை.

கொச்சிக்கடை அம்மா
எந்த நாளைத் தந்தார்கள்? பகலைத் தந்தார்கள். சிவராத்திரி பகலிலா வருகிறது? நாலு சாமப் பூசையும் இரவில். எங்கள் பொன்னம்பலவாணேசர் கோயிலில் லிங்கோற்பவ காலம் முடியவே நடுச்சாமம் தாண்டிவிடும், நாலாம் சாமம் முடிய விடிந்துவிடும். என் மகன் தரம் 8. கருங்கல் தூணில் சாய்ந்துகொண்டு, கண் சொருகச் சொருக என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு முழித்திருந்தான். வீட்டுக்கு வந்து குளித்து வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு 7.30 மணி அடிக்க முன்னம் கேட்டுக்குள் நிற்கவேண்டும். பிந்தினால் பெயர் எழுதுவார்கள். விரதம் இருக்கிற பிள்ளைக்குத் தேவை மறுநாள். அதைத்தான் கேட்கிறோம்.

நேரக்காவலன்
அக்கா, பதின்மூன்று வயதுப் பிள்ளையை விடிய விடிய முழித்திருக்கச் சொன்னது யார்? முதலாம் சாமப் பூசை பார்த்துவிட்டு கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருக்கலாமே.

கொச்சிக்கடை அம்மா
அப்போ எங்கள் விரதத்தை எந்தச் சாமத்தோடு முடிப்பது என்று இனி நீங்கள்தான் சொல்லப் போகிறீர்களா? நல்ல குருக்கள் கிடைத்தார் எங்களுக்கு.

வெள்ளவத்தை சிவா
இன்னொரு விஷயம். இந்த வருஷம் சிவராத்திரி பெப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. தீபாவளியும் நவம்பர் 8, அதுவும் ஞாயிறு. ஆக, இந்துப் பிள்ளைகளுக்கென்றே கிடைத்தது பொங்கல் ஒன்றுதான். "தந்தாயிற்று" என்று எழுதுகிறவர் கலண்டரைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

நேரக்காவலன்
பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஜனவரிப் போயா 3ஆம் திகதி சனிக்கிழமை. பெப்ரவரிப் போயா 1ஆம் திகதி ஞாயிறு. அதற்குப் பதிலாக யாரும் திங்கட்கிழமை கேட்கவில்லை.

கொச்சிக்கடை அம்மா
13 இருக்கிறவனுக்கு இரண்டு போனால் வலிக்காது. மூன்றில் இரண்டு போனால் வலிக்கும். சரி, ஞாயிற்றுக்கிழமையை விடுங்கள். 2025இல் சிவராத்திரி புதன்கிழமை, பெப்ரவரி 26. அன்றைக்குப் பிள்ளை பகல் முழுக்க வீட்டில் சும்மா இருந்தான். வியாழன் காலையில் வகுப்பில் தூங்கி விழுந்து ஏச்சு வாங்கினான். எந்தக் கிழமையில் வந்தாலும் தேவை மறுநாள்தான்.

தெமட்டகொட ரிஸ்வான்
சலாம். இதற்குள் மூக்கை நுழைப்பதற்கு மன்னியுங்கள். தமிழ்ப் பாடசாலைகளை மட்டும் மூடிவிட்டு ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை நடத்தினால் போதாதா? முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதம் தவணை விடுமுறை, மற்ற நாட்களில் அதை ஈடுசெய்கிறார்கள். யாருக்கும் நட்டமில்லை.

கொச்சிக்கடை அம்மா
ரிஸ்வான் நானா, என் பிள்ளை படிப்பது தமிழ்ப் பாடசாலையில் இல்லை. மூன்று மொழியும் உள்ள பாடசாலையில், தமிழ் மூல வகுப்பில். கொழும்பில் இந்த நிலைமையில் எத்தனையோ பிள்ளைகள், றோயல் கல்லூரியிலும் தமிழ் மூல வகுப்பு இருக்கிறது. தமிழ்ப் பாடசாலை மூடினால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

தெமட்டகொட ரிஸ்வான்
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். சிங்களப் பாடசாலையில் படிக்கிற எங்கள் பிள்ளைகள் நோன்போடுதான் போகிறார்கள், ஒரு மாதம் முழுக்க. விடிய முன்னம் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பின பிள்ளை 1.30 வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நிற்கும். நீங்கள் ஒரு காலைக்கு இவ்வளவு சத்தம் போடுகிறீர்கள்.

கொச்சிக்கடை அம்மா
உங்கள் பிள்ளை கஷ்டப்படுகிறது என்பதற்காக என் பிள்ளையும் கஷ்டப்படவேண்டுமா? அதற்கும் மகஜர் எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் இங்கே கேட்பது சிவராத்திரி மறுநாள்.

மட்டக்குளி சேவியர்
நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஒரு பழைய கதை சொல்கிறேன். 1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. டட்லி சேனாநாயக்க ஆட்சியில், பௌர்ணமி மட்டுமில்லாமல் வாரத்துக்கொன்றாக வரும் போயாவையும் அதற்கு முதல் நாளையும் வார விடுமுறை ஆக்கினார்கள். சந்திரனைப் பார்த்து வாரம் நகர்ந்தது, இந்த வாரம் செவ்வாய் லீவு என்றால் இன்னொரு வாரம் புதன். நாங்கள் விடியற்காலைப் பூசை கண்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பாடசாலைக்குப் போனோம். வெளிநாட்டு வியாபாரம் குழம்பித்தான் கடைசியில் ஞாயிறு திரும்பி வந்தது. ஒரு சமயத்துக்காக நாட்டின் வாரத்தையே மாற்றிப் பார்த்த அரசாங்கத்துக்கு, ஒரு காலைப் பொழுதை விடுவது பெரிய காரியமா?

நேரக்காவலன்
சேர், நீங்கள் சொன்ன கதையே எனக்குத்தான் சாட்சி. சமயத்தைப் பார்த்துக் கலண்டர் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்று ஐந்து வருஷத்தில் நாடே கண்டது.

மட்டக்குளி சேவியர்
தம்பி, நான் சொன்னதில் பாதியைத்தான் நீர் வாசித்திருக்கிறீர். வகுப்பிலும் இப்படித்தான் இருந்திருப்பீர்.

வெள்ளவத்தை சிவா
வடக்கில் இது ஒரு பிரச்சினையே இல்லை. சிவராத்திரி, தீபாவளி என்றால் மறுநாள் லீவு கொடுத்துவிட்டு ஒரு சனிக்கிழமையில் ஈடுசெய்வார்கள். நான் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கேட்டு வாங்கவேண்டி இருக்கவில்லை. கொழும்புத் தமிழருக்கு வாய் திறக்கப் பயம்.

செட்டியார்தெரு குமார்
வந்துவிட்டது யாழ்ப்பாணம். எந்தத் திரியைத் திறந்தாலும் அண்ணை இதைச் சொல்லாமல் போகமாட்டார். போன ஆடிவேல் திருவிழா விவாதத்திலும் இதே கதை. ஆடிவேல் ரதம் எங்கள் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு காலி வீதியால் போகும்போது போக்குவரத்தையே நிறுத்தி வழிவிட வைத்தது பயந்தவர்களா?

வெள்ளவத்தை சிவா
ரதத்துக்கு வழி விட்டார்கள், லீவு விட்டார்களா?

செட்டியார்தெரு குமார்
லீவைப் பற்றிக் கதைப்பதென்றால் என்னிடம் கேளுங்கள். நான் தனியார் கம்பனியில் கணக்கு எழுதுகிறேன். சிவராத்திரியும் தீபாவளியும் அரச விடுமுறை, வங்கி விடுமுறை. தனியார் கம்பனிகளுக்குரிய வர்த்தக விடுமுறை இல்லை. தீபாவளி அன்றைக்கே என் சொந்த லீவில் ஒன்றை வெட்டித்தான் எண்ணெய் தேய்த்து முழுகுகிறேன். மறுநாளும் பாடசாலையை மூடினால் பிள்ளையை யார் பார்ப்பது? மனைவியும் வேலைக்குப் போகிறாள்.

கொச்சிக்கடை அம்மா
குமார், உங்கள் கம்பனி லீவு தராததற்கு என் பிள்ளை ஏன் வகுப்பில் தூங்கி விழவேண்டும்? தீபாவளியை வர்த்தக விடுமுறை ஆக்கச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான சண்டை. எனக்கு வேண்டியது மறுநாள். பாடசாலையை மூட முடியாது என்றால் ஒரு சுற்றறிக்கை போதும்: "மறுநாள் வராத இந்துப் பிள்ளைக்கு வரவு குறைக்கக்கூடாது." உயர்தரப் பரீட்சைக்கு 80 சதவீத வரவு கேட்கிறார்கள், பெரிய வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பயத்தில்தான் கோயிலுக்கே வராமல் நிற்கிறார்கள். இதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

நேரக்காவலன்
இப்போது மூடவேண்டாம், வரவு மட்டும் என்கிறீர்கள். மகஜரில் மூடு என்றுதான் இருக்கிறது.

கொச்சிக்கடை அம்மா
மூடவேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? மூடத்தான் வேண்டும். அதுவரைக்கும் இது.

நேரக்காவலன்
ஒரே ஒரு கேள்வி. இந்தப் போயா, பெருநாள், சிவராத்திரி எல்லாவற்றுக்கும் டியூஷன் கிளாஸ் நடக்கிறதே. வெள்ளவத்தையில் டியூட்டரி வாசலில் போய்ப் பாருங்கள். பாடசாலைக்கு வரமுடியாத பிள்ளை பின்னேரம் மூன்று மணிக் கிளாசில் முன் வாங்கில் இருக்கும்.

கொச்சிக்கடை அம்மா
என் பிள்ளை இருந்ததை நீங்கள் கண்டீர்களா?

நேரக்காவலன்
உங்கள் பிள்ளையைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

கொச்சிக்கடை அம்மா
பொதுவாக என்று எழுதி என் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள். ஒன்பது மணிக்குப் படுத்து விடிய எழும்பின பிள்ளையோடு, இரா முழுக்க முழித்த பிள்ளையும் அதே 7.30க்கு நிற்கவேண்டுமா, வேண்டாமா? ஆரம்பத்திலிருந்து இதைக் கேட்கிறேன். புயல், போயா, டியூட்டரி எல்லாம் சொன்னீர்கள். இதற்கு மட்டும் பதில் இல்லை.

தெமட்டகொட ரிஸ்வான்
நோன்பு பிடித்த பிள்ளையும் நிற்கிறது என்றேன், அதற்கும் பதில் இல்லை.

வெள்ளவத்தை சிவா
குமார், ஆடிவேல் விவாதத்தில் நான் எழுதியதை முழுசாகப் போடும் பார்ப்போம்.

நேரக்காவலன்
நிற்கவேண்டும். என் பதில் அதுதான். நாங்களும் நின்றோம்.

கொச்சிக்கடை அம்மா
நீங்கள் நின்றீர்கள் என்பதற்காகவா? மகஜரின் இணைப்பைக் கீழே மறுபடியும் போடுகிறேன், கையெழுத்துப் போடுகிறவர்கள் போடுங்கள். 2027 கலண்டர் அச்சாக முன்னம் இது அமைச்சுக்குப் போகவேண்டும்.