பழைய சீகோ 5 வாட்ச் வாங்கலாமா? டயல் மட்டும் புதிதுபோல மின்னுகிறது

வளைகுடா வாரிசு:
அப்பா 80களின் கடைசியில் துபாயிலிருந்து வந்தபோது கையில் கட்டியிருந்தது சீகோ 5. அது தொலைந்து பல வருடம் ஆகிறது, அடுத்த மாதம் அவருக்கு மணிவிழா, அதற்குள் அதேபோல ஒன்று வாங்கித் தர ஆசை. ஆன்லைனில் ஒருவர் 4,000 ரூபாய் சொல்கிறார். ஆரஞ்சு டயல், பின்மூடியில் 7009 என்று தொடங்கும் எண், கூடவே 83 என்று ஆரம்பிக்கும் 6 இலக்க எண். 1968 மாடல், எல்லாம் ஒரிஜினல், சாவியும் கொடுக்கலாம் என்கிறார். நம்பலாமா?

பழைய முள்:
வேண்டாம் தம்பி. பின்மூடியில் இருக்கும் 7009 உள்ளே ஓடும் மெஷினின் எண், அந்த மெஷினே எழுபதுகளின் பின்பாதியில்தான் வந்தது. அந்த 6 இலக்கத்தில் முதல் எண் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது எண் மாதத்தைக் குறிக்கும், அதனால் இது 1978 அல்லது 1988 மார்ச். அப்புறம், 7009க்குச் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது, கை அசைவில் ஓடுவது. திருகும்போது நிஜமாகவே சாவி ஏறுகிறது என்றால் உள்ளே இருப்பது வேறு மெஷின்.

லென்ஸ்காரன்:
டயலை விட்டுவிட்டீர்களே அண்ணா. 6 மணிக்குக் கீழே, ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் அதுவும் 7009 என்றுதான் தொடங்கும். கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுபெயின்ட் அடித்த டயலில் அந்த எண்ணே இருக்காது, இல்லாவிட்டால் எழுத்து தடித்து மை கசிந்ததுபோல இருக்கும், நிமிடக் கோடுகள் ஒன்றுக்கொன்று இடைவெளி மாறி நிற்கும். நான் முதலில் வாங்கியது இப்படித்தான், பச்சை டயல், போட்டோவில் அவ்வளவு அழகு, கைக்கு வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தால் தேதி ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் திட்டுத்திட்டாக வழிந்திருந்தது, ஒரு வாரம் மனசே சரியில்லை. கறை படிந்திருந்தாலும் கம்பெனி டயல்தான் வேண்டும்.

ஜனதா ரசிகன்:
எச்எம்டி ஜனதாவிலும் இதே கதை, கண்ணைப் பறிக்கும் கலர் டயல் என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். பின்மூடியைத் திறந்து மெஷின் போட்டோ கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

வளைகுடா வாரிசு:
கேட்டேன். 6 மணிக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெறும் ஆரஞ்சு. மூடியைத் திறக்க மாட்டேன் என்கிறார். பணம் இன்னும் கொடுக்கவில்லை, நல்லவேளை. அப்பாவின் பழைய போட்டோவில் மணிக்கட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெள்ளி நிற டயல்போலத் தெரிகிறது. அதையே தேடப்போகிறேன்.