புதுப்பிப்பு: தனியாளாக அட்லாண்டிக், குடிநீர்க் கருவியும் நிதிக் கணக்கும்

கேனரித் தீவுகளிலுள்ள லா கோமேராவிலிருந்து கரீபியத் தீவான ஆண்டிகுவா வரை, ஏறத்தாழ 4,800 கி.மீ., அறக்கொடை நிதிக்காகத் தனியாளாகத் துடுப்பு வலிக்கும் படகை எப்படித் தயார்செய்வது என்று முன்பு எழுதியிருந்தேன். அதன்கீழ் அதிகம் கேட்கப்பட்டது கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி பற்றித்தான்.

கடல்நீரைச் சுமார் 55 பார் (வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 55 மடங்கு) அழுத்தத்தில் சவ்வு வழியே தள்ளினால்தான் உப்புப் பிரியும். படகு உருளும்போது உறிஞ்சுகுழாய் காற்றை இழுத்துவிட்டால் பம்பு ஓடும், ஆனால் அழுத்தம் ஏறாது. உடனே நிறுத்தி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து வருவதால், வெயில் உச்சத்தில் இருக்கும்போதே கருவியை ஓட்டுங்கள். மின்கலம் இரவு முழுக்க ஏஐஎஸ் (நம் இருப்பிடத்தை அருகிலுள்ள கப்பல்களுக்கு அறிவிக்கும் கருவி), விஎச்எஃப் (கடல் வானொலி), ஆட்டோபைலட் (தானாகத் திசை பிடிக்கும் கருவி) ஆகியவற்றுக்குத் தேவை. சில நாள் ஓட்டாமல் விட்டால் சவ்வில் பாசி போல் உயிர்ப்படலம் படியும். ஆகவே நன்னீரால் அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் கூடவே கூடாது, சவ்வையே கெடுத்துவிடும். கையால் இயக்கும் மாற்றுக் கருவி கட்டாயம்.

எதிர்க்காற்றில் பாராசூட் நங்கூரம் (நீருக்குள் குடைபோல் விரிந்து, படகு பின்னோக்கி அடித்துச் செல்லப்படுவதைக் குறைப்பது) போடுங்கள். கயிறு உரசும் இடத்தில் உறை சுற்றுங்கள். பெரும்பாலும் அறுவது அங்கேதான். அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள். உள்ளே அடைபட்ட காற்றுதான் கவிழ்ந்த படகை நிமிர்த்துகிறது. கதவு திறந்திருந்தால் நிமிராது.

நிதி விஷயத்தில் நான் விடாப்பிடி: படகுச் செலவை விளம்பரதாரரிடம் கேளுங்கள், மக்கள் தரும் நன்கொடை நேரே அறக்கட்டளையின் கணக்குக்கே போகட்டும். பயணம் பாதியில் நின்றாலும் பணம் அறக்கட்டளைக்கே என்பதைப் புறப்படும் முன்பே எழுதி அறிவித்துவிடுங்கள்.