ஐபோன்ல குவாலிட்டி பட்டன் வர்ற பிளேயர் எது?

திருநெல்வேலில அக்கா நடத்துற தையல் கிளாஸுக்கு வேர்ட்பிரஸ்ல சைட், பாக்குறவங்க முக்காவாசி பேரு போன் டேட்டாதான். வெறும் வீடியோ டேக்ல எம்பி4 போட்டா நெட் டல்லானாலே சுத்திக்கிட்டு நிக்குது. யூடியூப் அன்லிஸ்டட் வேணாம்ங்க, லிங்க் கிடைச்சா யார் வேணா பாக்கலாம், காசு கட்டினவங்க சும்மா இருப்பாங்களா. அப்புறம் எஃப்எஃப்எம்பெக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல 360, 720னு ரெண்டு குவாலிட்டில ஹெச்எல்எஸ் (வீடியோவ சின்னச் சின்ன துண்டாக்கி நெட் வேகத்துக்கு ஏத்தமாதிரி அனுப்புற முறை) ஆக்கி வீடியோ.ஜேஎஸ்ங்கிற வெப் பிளேயர்ல, குவாலிட்டி மாத்துற பட்டன் தர்ற ப்ளகினோட மாட்டினேன், ஆண்ட்ராய்டு குரோம்ல சூப்பர். ஐபோன்ல (ஐஓஎஸ் 17.5, சஃபாரி) ஹெச்எல்எஸ் நேட்டிவா, அதாவது பிளேயர் இல்லாம சஃபாரியே நேரா ஓட்டுறதால பட்டனே காணோம், தானா 360க்கு இறங்கிட்டா துணில போட்ட சாக்பீஸ் கோடு தெரியல, பிளவுஸ் கட்டிங்ல அதுதானே எல்லாமே. போன வாரத்துல இருந்து இதோடயே மல்லுக்கட்டுறேன்.

ஹெச்எல்எஸ்.ஜேஎஸ்ல (பிரவுசர்ல ஹெச்எல்எஸ் ஓட்டுற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) ஓடுற பிளேயருக்கு மாறினா ஐபோன்லயும் அந்த பட்டன் வருமா, ஓட்டிப் பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?